வாடிக்கையாளர் உயிருடன் உள்ளார்

எங்கள் ஊர் வேப்பனேந்தலில் கோயில் மண்டபத்துக்குள் ஒரு மெஷின் இருக்கிறது. காலையில் பொத்தானை அமுக்கியதும் பெண் குரலில், "வணக்கம் அரியநாச்சி, இன்று நலமாக இருக்கிறீர்களா?" என்று விசாரிக்கும். எதிரே நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் என் மனைவி பூமயில். அரியநாச்சி எங்கள் ஊர் அம்மன்.

மெஷினின் பெயர் 'தெளிவு'. சின்னப் பிரிட்ஜ் உயரம் இருக்கும். ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஒரு மனுஷ உடம்பின் ரத்தத்தை வெளியே இழுத்து, கழுவி, திருப்பி உள்ளே அனுப்பிவிடும். டாக்டர் வேண்டாம், நர்ஸ் வேண்டாம். எவ்வளவு நீர் எடுக்கலாம், எவ்வளவு உப்பு விடலாம் என்பதையெல்லாம் அதன் உள்ளே இருக்கும் மென்பொருள் ஒவ்வொரு நொடியும் பார்த்து முடிவு செய்யும். எங்கள் பக்கத்தில் கிட்னி போனவர்கள் அதிகம். தண்ணீரா, வெயிலா, வயலில் அடித்த மருந்தா என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். காரணம் தெரிந்தவர் யாரும் இன்னும் எங்கள் ஊருக்கு வரவில்லை.

நான் சாத்தையா. மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, திருவிழா எதற்கும் சாத்தையா சவுண்ட் சர்வீஸ்தான். ஆறு வருடத்துக்கு முன்னால், கண்மாய் நிறைந்து மீன் ஏலம் நல்ல விலைக்குப் போன வருடம், திருவிழாக் கூட்டத்தில் நான்தான் மைக் போட்டிருந்தேன். ஆடல் பாடலுக்கு எந்த ஊர்க் குழுவைக் கூப்பிடுவது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பூமயில் எழுந்து நின்றாள். அப்போதே அவள் முகம் ஊதியிருந்தது. வாரம் மூன்று நாள் பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

"ஒரு வருசம் ஆடல் பாடல் இல்லாட்டி ஆத்தா கோவிச்சுக்கிருவாளா?" என்று கேட்டாள். "அந்தக் காசுக்கு ஒரு மெஷின் வாங்கிப் போடுங்க. நான் ஒருத்தி இல்ல. ஏழெட்டுப் பேரு கெடக்கோம்."

எங்கள் ஊர்த் தலைவரை அம்பலம் என்போம். அவர் என்னைப் பார்த்தார். திருவிழா நின்றால் முதலில் அடி வாங்குவது என் தொழில்தானே.

"மைக் செட்டுக்காரன் என்னப்பா சொல்ற?"

"ஆத்தா வந்து சண்டை போட்டா எங்கிட்ட அனுப்பிவிடுங்க, நான் பேசிக்கிறேன்" என்றேன். கூட்டம் சிரித்தது. மெஷின் வாங்குவது என்று முடிவானது.

கோயம்புத்தூரில் புதிதாகத் தொடங்கியிருந்த சின்னக் கம்பெனி அது. சென்னியப்பன் என்ற பையன் மெஷினை வேனில் கொண்டுவந்து இறக்கினான். மீசை அப்போதுதான் முளைத்திருந்தது. கையில் ஒரு பலகைக் கணினி.

"கஸ்டமர் பேரு சொல்லுங்க."

"அரியநாச்சி" என்றார் அம்பலம்.

"அந்தம்மாவுக்குத்தான் கிட்னி பிரச்சனைங்களா?"

"அவளுக்கு ஏதுப்பா பிரச்சனை? அந்தா நிக்கிறா பாரு" என்று கர்ப்பகிரகத்தைக் காட்டினார்.

பையன் பார்த்தான். கறுத்த கல், சிவப்புச் சேலை, வெள்ளிக் கண். "ஐயா, மனுஷங்க பேரைப் போடோணுங்க."

"இந்தா பாரு தம்பி. கண்மாய் மீன் சாமி சொத்து. அந்தக் காசுல வாங்குனத மனுசன் பேர்ல எழுதுனா அந்த வீடு வெளங்காது. கரையில நிக்கிற புளிய மரம் அவ பேர்ல. சப்பரம் தூக்குற மினி வேனு அவ பேர்ல. இதையும் அவ பேர்லயே எழுது."

அவன் தலையைச் சொறிந்துகொண்டே எழுதினான். பிறந்த தேதி கேட்டான். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. கட்டம் காலியாக இருந்தால் மெஷின் திறக்காது என்றான். அந்த வருடத்து ஜனவரி முதல் தேதியைத் தட்டிவிட்டான். அரியநாச்சிக்கு இன்னும் ஒரு வயசு ஆகவில்லை என்று ஊரில் ரொம்ப நாள் கேலி பேசிக்கொண்டிருந்தோம்.

"இது வாழ்நாள் லைசன்சுங்க" என்று போகும்போது சொன்னான். "ஒருக்கா கட்டுனீங்கன்னா அவ்வளவுதான். கஸ்டமர் உசுரோட இருக்கற வரைக்கும் உள்ளார இருக்கற சாப்ட்வேர் முழுசா வேலை செய்யும். அப்புறம் காசுன்னு வந்து நிக்க மாட்டோம்."

சொன்னபடியே நின்றார்கள். பூமயிலுக்கு முகம் வற்றியது. மறுபடி களை பறிக்கப் போனாள், மறுபடி என்னோடு சண்டை போட்டாள். தண்ணீரை மட்டும் அளந்து குடிக்க வேண்டும், இளநீர் கூடவே கூடாது. எவனாவது சைக்கிளில் இளநீர் கொண்டுபோனால் அவனைத் திட்டித் தீர்ப்பாள்.

போன சித்திரையில் ஒரு காலை, பொத்தானை அமுக்கியதும் மெஷின் வேறு பாட்டுப் பாடியது.

"வணக்கம் அரியநாச்சி. உங்கள் சேவை புதிய நிறுவனத்துக்கு மாறியுள்ளது. பழைய வாழ்நாள் உரிமங்கள் நிறைவடைந்தன. வரும் மாதத்திலிருந்து மாதச் சந்தா. தொடங்குவதற்கு, சம்மதம் என்று சொல்லுங்கள்."

பூமயில் ஊசியும் கையுமாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். "யாரு வாழ்நாளு நிறைவடைஞ்சதாம்?"

நான் போன் போட்டேன். அந்த வாரமே சென்னியப்பன் வந்தான். இப்போது மீசை அடர்ந்திருந்தது, சட்டையில் வேறு கம்பெனி முத்திரை. பழைய கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. இவனை மண்டல மேலாளர் ஆக்கிவிட்டது. மண்டபத்தில் உட்காரவைத்து மோர் கொடுத்தோம். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"மெஷின் உங்களுதுதானுங்ணா. அதை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. உள்ளார இருக்கற சாப்ட்வேர்தான் கம்பெனியோடது. அதுக்கு மாசாமாசம் கட்டோணும். கட்டலைன்னா பூட்டிக்கும்."

"மூளை இல்லாத மெஷின வச்சு நாங்க துணி துவைக்கிறதா?" என்றேன்.

"நீங்களும் மைக் செட்டை வாடகைக்குத்தானுங்ணா விடறீங்க?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "விடுறேன். வாடகைன்னு சொல்லித்தான் விடுறேன். வித்த ஆம்ப்ளிபயருக்குப் பின்னாடியே போய், தாலி கட்டுற நேரத்துல வயரைப் பிடுங்கிக்கிட்டு மாசக் காசு கொண்டான்னு எவங்கிட்டயும் நின்னதில்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கெட்டவன் இல்லை, கெட்டவனாக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஏந்தம்பி, ஒருக்காக் கட்டுனாப் போதும்னு சொல்லித்தானே வித்தீக? இப்ப என்ன கொறஞ்சு போச்சு?" பூமயில் அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டாள்.

அவன் கையிலிருந்த மோரைப் பார்த்தான். பிறகு வாய்க்குள்ளேயே சொன்னான். "வாழ்நாள்னு விலை வெக்கும்போது ஒரு சராசரி பார்ப்பாங்கக்கா. கிட்னி போனவங்க மெஷின்ல எத்தனை வருசம் இருப்பாங்கன்னு."

"எத்தனைன்னு போட்டீக?"

"நாலுங்க."

"எனக்கு இது ஆறாவது வருசம்."

"அதானுங்கக்கா பிரச்சனை. மெஷின் நல்ல மெஷினுங்க. ஆளுங்க பொழைச்சுட்டாங்க. எல்லா ஊர்லயும்."

பூமயிலின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் அவன் கையிலிருந்த மோர் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் சாகாததுக்கு அபராதம் கேட்டு வந்திருக்க. போய்ச் சொல்லு, கட்ட மாட்டோம்னு."

கட்டினால்தான் என்ன? ஆம்ப்ளிபயரை விற்றுக் கட்டலாம், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டலாம். ஊரில் பாதிப் பேர் அதையேதான் சொன்னார்கள். அம்பலம் எல்லோரையும் சமாதானப்படுத்தி, பரமக்குடியில் வக்கீல் ரிஸ்வானாவிடம் கூட்டிப்போனார். சின்ன வயசுப் பெண், வெடுக்கென்று பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதல் வார்த்தையாக, "யாராவது அந்த மெஷின்கிட்ட சம்மதம்னு சொல்லிட்டீங்களா?" என்றார்.

"இல்லம்மா."

"சொல்லிராதீங்க. ஒரே ஒரு தடவை சொன்னாக்கூடப் புது ஒப்பந்தத்தை ஏத்துக்கிட்டதா ஆயிரும். பழசு அன்னைக்கே செத்துச்சு. அதுக்கப்புறம் அவங்க வைக்கிறதுதான் விலை. இந்த மாசம் ஒண்ணு, அடுத்த வருசம் ஒண்ணு. எது வச்சாலும் நீங்க வாய் தொறக்க முடியாது."

"கேஸ் முடியுற வரைக்கும்?"

"மெஷின் பூட்டித்தான் இருக்கும். அவசரமா விசாரிக்கச் சொல்லிக் கேக்குறேன். அதுவரை ஆஸ்பத்திரிக்குப் போங்க. தாக்குப்பிடிப்பீங்களா அக்கா?"

பூமயில் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அவன் போட்ட கணக்கையே தாண்டிட்டேன். இதையா தாண்ட மாட்டேன்?"

மாதம் பிறந்ததும் மெஷின் பூட்டிக்கொண்டது. மறுபடி பஸ், மறுபடி டவுன் ஆஸ்பத்திரி. நாங்கள் விட்டுவந்த இடங்களில் இப்போது வேறு ஊர்க்காரர்கள் இருந்தார்கள். ஊருக்கு மொத்தமாகக் கொஞ்சம் இடம்தான் கிடைத்தது. பூமயிலுக்கு வந்த ஒரு முறையை, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத செல்லக்கண்ணுவுக்கு விட்டுக்கொடுத்தாள். நான் சத்தம் போட்டேன். "அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா, நீங்க என்ன மாசமாவா இருக்கீக?" என்று என் வாயை அடைத்தாள்.

பத்து நாளில் அவள் கால் தூண் மாதிரி வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தபடியே ஸ்பீக்கர் பெட்டியில் சாய்ந்து தூங்குவாள். அவள் இடது கையில், ஊசி போடுவதற்காக ஆஸ்பத்திரியில் அறுத்து இணைத்த நரம்பு எப்போதும் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். நான் அதைத் தொட்டுப் பார்த்தே அவள் உயிரைத் தெரிந்துகொள்வேன். அன்று மத்தியானம் தொட்டேன். சத்தம் இருந்தது. ஆனால் அவள் உதடு நீலமாக இருந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. வெயிலில் செருப்புக்கூடப் போடாமல் மண்டபத்துக்கு ஓடினேன். சாவி என்னிடம்தான் இருந்தது. பொத்தானை அமுக்கினேன்.

"வணக்கம் அரியநாச்சி. தொடங்குவதற்கு, சம்மதம் என்று சொல்லுங்கள்."

எத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால் மைக் டெஸ்டிங் சொன்ன தொண்டை. அந்த ஒரு வார்த்தை வரவில்லை. மறுபடி வாயைத் திறந்தேன்.

குரல் வருவதற்குள் மெஷின் அணைந்தது. திரும்பினேன். சுவரோரம் பூமயில் நின்றுகொண்டிருந்தாள், கையில் பிளக். வீட்டிலிருந்து மண்டபம் வரை அந்தக் காலோடு எப்படி நடந்து வந்தாளோ! மைக் செட்டுக்காரன் பெண்டாட்டிக்கு வயரைப் பிடுங்கக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்?

"சொல்லிட்டீகளா?" மூச்சு விட்டு விட்டுக் கேட்டாள்.

"இல்ல."

"சொன்னீகன்னா, மாசம் பொறந்தா அவங்கிட்டப் போயி உசுர வாடகைக்கு வாங்கணும். அவன் ஏத்துனா ஏறணும், எறக்குனா எறங்கணும். எனக்கு வேணாம். செத்தா எஞ்சொந்த உசுரு போகட்டும்."

"நீ போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்?" என்று கத்திவிட்டேன். மண்டபம் எதிரொலித்தது. முப்பது வருடத்தில் அவளிடம் நான் அப்படிக் கேட்டதில்லை.

அவள் பிளக்கைக் கீழே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "போக மாட்டேன். ஆட்டோவக் கூப்பிடுங்க. ஆஸ்பத்திரி வராண்டாவுல போய் உக்காருவோம். எவனாச்சும் எடம் குடுப்பான்" என்றாள்.

இடம் கிடைத்தது. ஒரு நர்ஸம்மா தன் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து அவளை மெஷினில் ஏற்றிவிட்டார். அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும்.

அந்த வாரமே நுகர்வோர் நீதிமன்றத்தில் விசாரணை வந்தது. கம்பெனி வக்கீல் கறுப்புக் கோட்டுக்குள் வியர்க்காமல் இருந்தார். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் ஒரே அடியில் முடிக்கப் பார்த்தார்.

"அம்மா, பழைய உரிமம் வாடிக்கையாளரோட வாழ்நாள் வரைக்கும்தான். அதை நாங்க மறுக்கல. வாடிக்கையாளர் பேரு அரியநாச்சி. இந்த அம்மாவுக்கு வோட்டு இல்ல, ரேஷன் இல்ல, ஆஸ்பத்திரியில ஒரு ஓ.பி. சீட்டு இல்ல. எங்களுக்கு என்ன தெரியும்? எப்பவோ இறந்துபோயிருக்கலாம். உயிரோட இருக்காங்கன்னா, நேர்ல கூட்டிட்டு வரட்டும்."

நீதிபதி அம்மா கண்ணாடியை இறக்கி ரிஸ்வானாவைப் பார்த்தார். "அடுத்த வாய்தாவுல ஆஜர்படுத்த முடியுமா?"

ரிஸ்வானா அம்பலத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கென்னங்கம்மா, கூட்டிட்டு வந்துருவோம்" என்றார் அம்பலம், ஏதோ பக்கத்து வீட்டில் இருப்பவளைச் சொல்வது போல.

கூட்டிக்கொண்டு போனோம். கண்மாய் நிறையாமல் ஆறு வருடமாகத் திருவிழா என்று பெரிதாக எதுவும் செய்யாத ஊர், மொத்தத்தையும் சேர்த்து அன்றைக்குச் செய்தது. அம்மனின் சொந்த மினி வேனில் சப்பரம். சப்பரத்தில் உற்சவர் சிலை, பட்டுச் சேலை, எலுமிச்சை மாலை. வேன் கூரையில் நான்கு பக்கமும் என் குழாய் ஸ்பீக்கர்கள். முன்னால் கொட்டு, பின்னால் குலவை. சப்பரத்துக்கு அடியில், கால் வீங்கிய ஏழெட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பூமயில். அவளுக்குச் சாமி மேல் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. சிலை ஆடாமல் இருக்க ஒரு கையால் பீடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நீதிமன்ற வாசலில் போலீஸ் மறித்தது. "யாருய்யா இது?"

"வாதி" என்றார் அம்பலம்.

சத்தம் கேட்டு நீதிபதி அம்மாவே வராண்டாவுக்கு வந்துவிட்டார். சிலையைப் பார்த்தார், வேனில் இருந்தவர்களின் கால்களைப் பார்த்தார், என் ஸ்பீக்கரைப் பார்த்து அணைக்கச் சொல்லிக் கைகாட்டினார். பிறகு எல்லோரும் உள்ளே போனோம். அம்மன் மட்டும் வேப்பமரத்து நிழலில் நின்றாள்.

"இது என்னம்மா, கேலிக்கூத்தா?" கம்பெனி வக்கீலுக்கு அப்போது வியர்த்திருந்தது. "சிலையைக் கொண்டாந்து வாடிக்கையாளர்னா?"

ரிஸ்வானா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "வெறும் சிலைன்னு சட்டம் சொல்லல. கோயில்ல இருக்கிற தெய்வம் சட்டத்துக்கு முன்னாடி ஒரு ஆள். நிலம் வாங்கலாம், வழக்குப் போடலாம், வரி கட்டலாம். அரியநாச்சி பேர்ல மரம் இருக்கு, வேன் இருக்கு. அந்த வேனுக்கு இன்சூரன்ஸ்கூட இருக்கு. வெளியில நிக்குது, பார்த்துக்கலாம்."

"தெய்வம் சட்டப்படி மைனர். என்னைக்குமே மைனர். மைனரோட போட்ட ஒப்பந்தம் செல்லாது!" வக்கீல் மேசையைத் தட்டினார்.

"மைனரோட நன்மைக்காகக் காப்பாளர் செஞ்சா செல்லும். காப்பாளர் ஊர் அம்பலம். காசு முழுசாக் கட்டியாச்சு. வாங்கும்போது இனிச்ச மைனர், இப்ப மட்டும் கசக்குதா?" ரிஸ்வானா நீதிபதி பக்கம் திரும்பினார். "பேரை எழுதினது ஊர்க்காரங்க இல்லம்மா. கம்பெனி ஆளு. சிலையை நேர்ல பார்த்துட்டு எழுதினார். இங்கதான் இருக்கார்."

சென்னியப்பன் கடைசி பெஞ்சில் இருந்தான். எழுந்து, "ஆமாங்க, நாந்தாங்க எழுதுனேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கம்பெனி வக்கீல் பார்த்த பார்வையில் அவன் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

நீதிபதி அம்மா பேனாவை மூடினார். "சரி. அப்படின்னா இந்த வாடிக்கையாளரோட வாழ்நாள் எவ்வளவு?"

"அதை அவங்களைத்தான் கேக்கணும்" என்றார் ரிஸ்வானா. "ஒவ்வொரு வாடிக்கையாளரும் எப்ப சாவாங்கன்னு கணக்குப் போட்டுத்தானே விலை வச்சாங்க. இவங்களுக்கு என்ன போட்டாங்கன்னு சொல்லட்டும்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பூமயில் சிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி கம்பெனி வக்கீலையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதில் வரும் என்பது போல.

அன்று சாயங்காலத்துக்குள் மெஷினைத் திறக்க வேண்டும், வாடிக்கையாளர் இருக்கும்வரை பூட்டக்கூடாது என்று தீர்ப்பு. கம்பெனி வக்கீல் கடைசியாக ஒன்று கேட்டார். வாழ்நாள் உரிமம் வைத்திருப்பவர் எல்லோரும் வருடம் ஒருமுறை கம்பெனி ஆள் முன்னால் நேரில் வந்து உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். அது பழைய ஒப்பந்தத்திலேயே உள்ள விதி, இதுவரை கேட்காமல் விட்டது. அதையாவது அனுமதிக்க வேண்டும். பென்ஷன்காரர்களுக்கு உள்ளதுதானே என்று நீதிபதி அம்மா ஒத்துக்கொண்டார். வக்கீலின் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். ரிஸ்வானாவின் முகம் வாடியது.

அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் பங்குனியில்தான் புரிந்தது.

பங்குனித் திருவிழாவுக்குச் சென்னியப்பன் வந்தான். வேலை போகவில்லை. நேராக என் மைக் செட் பந்தலுக்கு வந்து, ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பலகைக் கணினியைக் காட்டினான். வாடிக்கையாளர் உயிருடன் உள்ளார், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

"இல்லைன்னு போட்டுட்டு வரச் சொல்லியிருக்காங்க" என்றான். "ஆள்னு கோர்ட்டு சொல்லுச்சு, சரி. ஆனா நேர்ல போய்ப் பார்த்தேன், மூச்சு இல்லை, பேச்சு இல்லை, அசைவு இல்லைன்னு எழுதிட்டு வான்னு சொல்றாங்க. பார்த்ததைத்தானுங்ணா எழுதோணும்? கல்லு மூச்சு விடுமா? எழுதலைன்னா என்னைத் தூக்கிருவாங்க. எழுதுனா ராத்திரியோட மெஷின் பூட்டிக்கும்."

என் கை ஒலிக் குமிழில் அப்படியே நின்றது. பந்தலுக்கு வெளியே பூமயில் மற்ற பெண்களோடு முளைப்பாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் மைக்கை அணைத்திருந்தேனா? அதுவும் நினைவில்லை.

கொட்டு உச்சத்துக்குப் போயிருந்தது. திடீரென்று பெண்கள் கூட்டம் விலகியது. பூமயில் எழுந்து நின்றாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, உடம்பு உதறியது. இத்தனை வருடத் திருவிழாவில் அவளுக்குச் சாமி வந்து நான் பார்த்ததில்லை. யாருக்காவது வந்தால்கூட, "நல்லாச் சாப்பிட்டு வந்திருப்பா" என்று என் காதைக் கடிப்பவள் அவள்.

நேராகப் பந்தலுக்குள் வந்தாள். சென்னியப்பன் எழுவதற்குள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டாள். அவன் நெற்றியில் ஒரு கை திருநீறு அப்பினாள்.

"என்னைத்தானடா பார்க்க வந்த? பாருடா!"

கொட்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அவள் தன் இடது கையை எடுத்து, ரீங்காரம் போடும் அந்த நரம்பை அவன் காதோடு வைத்து அழுத்தினாள்.

"கேக்குதா? மூச்சு இல்லைம்ப, பேச்சு இல்லைம்ப. எனக்கு நாளு குறிக்க நீ யாருடா? நான் உசுரோட இருக்கேனா, இல்லையா? சொல்லுடா, ஊரே கேக்கட்டும்!"

மைக் செட்டுக்காரனுக்கு என்ன வேலை? நான் மைக்கை அவன் வாய்க்கு நேராகக் கொண்டுபோனேன். குமிழைக் கடைசி வரை திருகினேன்.

"இருக்கீங்க தாயி" என்றான். நான்கு குழாயிலும் அது கிளம்பி, கண்மாய்க்கு அந்தப் பக்கம் போய் மோதித் திரும்பி வந்தது. "உசுரோட இருக்கீங்க."

குலவை வானத்தைப் பிளந்தது. அவன் கண்ணில் நீர் வழிய, திருநீற்று நெற்றியோடு கணினியில் தட்டினான். முதல் கட்டத்தில் தட்டினான். பிறகு என்னிடம் திரும்பி, "பார்த்ததைத்தானுங்ணா எழுதுனேன்" என்றான்.

திருவிழா முடிந்து, வயர்களைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பூமயில் வாசலில் உட்கார்ந்து, அன்றைக்கு மிச்சம் வைத்திருந்த அளவுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தாள். கையில் திருநீறு இன்னும் ஒட்டியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். பிறகு கேட்டேவிட்டேன்.

"ஏ பூமயிலு, நெசமாவே ஆத்தா வந்தாளா?"

அவள் டம்ளரைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டாள்.

"உசுரோட இருக்கான்னு எழுதிட்டானா?"

"எழுதிட்டான்."

"அப்ப வந்தா" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.